கேக்கின் அழகை வைத்து முடிவு செய்யாதீர்கள்: ஓர் உறைஉலர்த்தல் சேவை பற்றிய மதிப்புரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆன்டிபாடியை (உடலின் எதிர்ப்புப் புரதத்தை) உறைய வைத்து வெற்றிடத்தில் உலர்த்தித் தரும் நல்ல சேவை. அடுத்த தொகுதியையும் இவர்களிடமே கொடுக்கப் போகிறோம். குப்பிக்குள் வெள்ளை வெளேரென்று வந்த கேக்கை, அதாவது உலர்ந்து மிஞ்சிய கட்டியை, பார்த்து இந்த முடிவுக்கு வரவில்லை. உறைய வைப்பதற்கு முன் எங்களிடம் என்னென்ன கேட்டார்கள், கரைத்த பிறகு எதையெல்லாம் அளந்து காட்டினார்கள் என்பதைப் பார்த்துத்தான் வந்தோம். ஆன்டிபாடியை உலர்த்தக் கொடுக்கும் யாரும் இந்த இரண்டையும்தான் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆய்வகத்தின் பெயரை எழுதவில்லை. குறைகளும் சொல்ல இருக்கிறது. தவிர, இங்கே சொல்வதை வைத்து எந்த உறைஉலர்த்தல் சேவையையும் நீங்களே எடைபோட்டுக்கொள்ள முடியும்.

நாங்கள் எலைசா (நிறமாற்றத்தை வைத்துக் கண்டறியும் சோதனை) கிட்டுகளுக்கு ஆன்டிபாடி தயாரிக்கும் சிறிய குழு. பெரும்பாலும் ஒரே செல் வழியிலிருந்து வரும் மோனோகுளோனல் ஐஜிஜி (ஆன்டிபாடியின் முக்கிய வகை), கொஞ்சம் முயலிலிருந்து எடுக்கும் கலவையான பாலிகுளோனல், நிறம் தரும் எச்ஆர்பி என்சைம் ஒட்டிய ஆன்டிபாடிகள் (கான்ஜுகேட்) சில. ஒரு நல்ல குளோனை, அதாவது அந்த ஆன்டிபாடியைச் சுரக்கும் செல் வழியை, தேடிப் பிடித்து, வளர்த்து, சுத்திகரித்து கையில் எடுக்கும்போது அதன் மேல் ஒரு பிரியமே வந்துவிடும். அதை வேறொருவர் இயந்திரத்துக்குள் அனுப்புவது லேசான காரியம் இல்லை.

ஆனாலும் உலர்த்தித்தான் ஆக வேண்டும். தண்ணீரில் இருக்கும் ஆன்டிபாடி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருந்தாலும் மெல்ல மெல்லக் கெடும். மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் இருக்கும் சில இடங்களில் அமைடு கழன்று மின்னூட்டம் மாறும். புரதத்தை வெட்டும் என்சைமான புரோட்டியேஸ் துளி எச்சம் இருந்தால் வெட்டிக்கொண்டே இருக்கும். தண்ணீரை எடுத்துவிட்டால் இந்த வேகமெல்லாம் பெருமளவு அடங்கிவிடும். 1935-இல் ஃப்ளாஸ்டார்ஃப், மட் இருவரும் சீரத்தை உறைய வைத்து வெற்றிடத்தில் உலர்த்தும் முறையை வெளியிட்டதும் இதற்காகத்தான். பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்து பல இடங்களில் தூளாக வருவதும், உலக சுகாதார நிறுவனம் 2020-இல் ஏற்றுக்கொண்ட கொரோனா ஆன்டிபாடி தரமாதிரி உலர்ந்த நிலையில் ஆம்பூல்களில் (மூடி உருக்கிய கண்ணாடிக் குப்பிகளில்) அடைக்கப்பட்டதும் அதே காரணத்தால்தான்.

சிக்கல் என்னவென்றால், காப்பாற்றுவதற்காகச் செய்யும் இந்த வேலையே ஆன்டிபாடியைக் கெடுக்கவும் செய்யும். உறையும்போது தண்ணீர் தனியே பனிக்கட்டியாகப் பிரிந்துவிடும். மீதமிருக்கும் கொஞ்சம் திரவத்தில் உப்பும் புரதமும் பல மடங்கு செறிந்து நெருங்கும். பனிப்படிகங்களின் மேற்பரப்பில் புரதம் ஒட்டி மடிப்பு குலையும். அதன் பிறகு உலரும்போது, புரதத்தைச் சுற்றி ஹைட்ரஜன் பிணைப்போடு உட்கார்ந்திருந்த தண்ணீரும் போய்விடும். இந்த ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு காவல் வேண்டும். சேவை தருபவருக்கு இது தெரியுமா தெரியாதா என்பது முதல் கடிதத்திலேயே புரிந்துவிடும்.

இவர்களுக்கு முன்பு வேறோர் இடத்தில் கொடுத்திருந்தோம். அங்கே கேட்டது எத்தனை குப்பி, எத்தனை மில்லிலிட்டர், எப்போது வேண்டும், அவ்வளவுதான். பஃபரில் (அமிலத்தன்மையை மாறாமல் வைக்கும் கரைசலில்) என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. உப்பு கலந்த சோடியம் பாஸ்பேட் பஃபரில் இருந்ததை அப்படியே உலர்த்தி அனுப்பினார்கள். பார்ப்பதற்கு அருமையான கேக். தண்ணீர் விட்டதும் பால் போலக் கலங்கியது. தெளிய வைத்துப் பார்த்தால் அடியில் நூல் நூலாக வீழ்படிவு.

இந்தப் புது ஆய்வகத்திலிருந்து வந்த முதல் பதில் ஒரு கேள்வித்தாள். அதில் முதல் கேள்வியே பஃபர் பற்றித்தான். சோடியம் பாஸ்பேட் என்று எழுதியதும் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். பேசிய அம்மையார் பொறுமையாக விளக்கினார்: உறையும்போது இரட்டைச் சோடியம் பாஸ்பேட் மட்டும் முந்திக்கொண்டு படிகமாகிப் பிரிந்துவிடும், ஒற்றைச் சோடியம் பாஸ்பேட் கரைசலில் தங்கிவிடும், அதனால் 7-க்குப் பக்கத்தில் இருந்த பிஹெச் 4 வரைகூட இறங்கலாம். அந்த அமிலத்தில், அதுவும் செறிந்த உப்பு நடுவில், ஆன்டிபாடி பல மணி நேரம் கிடக்கும். அதற்குப் பதில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தின் பஃபர், பிஹெச் 6-க்கு அருகில், 10 முதல் 20 மில்லிமோலார் போதும் என்றார். மருந்தாக வரும் உலர் ஆன்டிபாடிகள் பலவற்றில் ஹிஸ்டிடின்தான் இருக்கிறது.

"அப்படியென்றால் இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற ஆன்டிபாடி மருந்தில் சோடியம் பாஸ்பேட் இருக்கிறதே?" என்று கேட்டேன். ரெமிகேட் (இன்ஃப்ளிக்ஸிமாபின் வணிகப் பெயர்) குப்பியில் 100 மில்லிகிராம் ஆன்டிபாடியோடு பாஸ்பேட் உப்பு இரண்டும் சேர்த்து 8 மில்லிகிராம் சொச்சம்தான். சுக்ரோஸோ 500 மில்லிகிராம். அவ்வளவு சர்க்கரைக்கு நடுவே அந்தக் கொஞ்சம் பாஸ்பேட்டால் எளிதில் படிகமாக முடியாது என்றார். கையில் எந்தத் தாளும் இல்லாமல் உடனே சொன்ன பதில் அது. அந்த இடத்தில்தான் எனக்கு முதல் நம்பிக்கை வந்தது.

கேள்வித்தாளின் மற்ற கேள்விகளும் இப்படிக் காரணத்தோடு இருந்தன. கிளிசரால் இருக்கிறதா? இருந்தால் அனுப்பவே வேண்டாம். 50 சதவீத கிளிசரால் சேர்த்து மைனஸ் 20-இல் வைத்திருக்கும் ஸ்டாக்கை அப்படியே உலர்த்த முடியாது. கிளிசரால் வெற்றிடத்திலும் ஆவியாகாது. கண்ணாடியாக இறுகும் வெப்பநிலையை அடியோடு கீழே இழுத்துவிடும். கடைசியில் குப்பியில் பிசுபிசுப்புத்தான் மிஞ்சும். முதலில் டயாலிசிஸ் (சவ்வு வழியே பிரித்தல்) செய்து எடுத்துவிட வேண்டும். சாதா உப்பும் இதே வேலையைக் கொஞ்சம் குறைவாகச் செய்யும், அதனால் அதையும் முடிந்தவரை குறைக்கச் சொன்னார்கள்.

சோடியம் அசைடு இருக்கிறதா என்ற கேள்விக்கு நேரே சிவப்பில் ஒரு குறிப்பு: இருந்தால் ஏற்க மாட்டோம். நாங்கள் வழக்கமாகப் பாதுகாப்புக்குச் சேர்ப்பதுதான். அமிலம் பட்டால் அது ஹைட்ரசோயிக் அமிலமாகும். அது 37 டிகிரியிலேயே கொதிக்கும் நச்சு. வெற்றிட இயந்திரத்தில் அது கிளம்பி பம்புக்கும் கண்டென்சருக்கும் போகும். செம்பு, ஈயம் பட்டால் வெடிக்கக்கூடிய அசைடு உப்பாகவும் மாறும். முன்னே சொன்ன பாஸ்பேட் பிஹெச் சரிவை இதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். எச்ஆர்பி கான்ஜுகேட் கொடுப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: அசைடு அந்த என்சைமையே முடக்கிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி கடைசிப் பக்கத்தில் இருந்தது: இதை வாங்குபவர் கரைத்த பிறகு என்ன செய்வார்? நேராக எலைசாவில் போடுவாரா, அல்லது அடையாளத்துக்குப் பயோட்டினோ சாயமோ ஒட்டுவாரா? ஒட்டுவதாக இருந்தால் பிஎஸ்ஏ (மாட்டுச் சீரப் புரதம்) சேர்க்கக் கூடாது, சாயம் முழுக்க அதில் போய் உட்கார்ந்துவிடும். டிரிஸ் பஃபரும் கூடாது, சாயம் பிடிக்கும் அமீன் அதில் இருக்கிறது. ஹிஸ்டிடினிலும் அமீன் இருக்கிறது, அதனால் ஒட்டுவதற்கு முன் பஃபர் மாற்றச் சொல்லி குறிப்புத்தாளில் போட வேண்டும். உலர்த்துவதோடு தங்கள் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு இப்படி ஒரு கேள்வி தோன்றவே தோன்றாது.

இனி சர்க்கரை. ஆன்டிபாடியின் உயிர் இதில்தான் இருக்கிறது, அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

சுக்ரோஸ், ட்ரெஹலோஸ் இரண்டில் ஒன்று. குளுக்கோஸ், லாக்டோஸ், மால்டோஸ் பக்கமே போகக் கூடாது. அவை புரதத்தின் லைசினோடு வினைபுரிந்து கேக்கைப் பழுப்பாக்கும். சர்க்கரை இரண்டு விதமாகக் காக்கிறது. தண்ணீர் போன இடத்தில் சர்க்கரையே ஹைட்ரஜன் பிணைப்புக் கொடுத்துப் புரதத்தின் மடிப்பைத் தாங்குகிறது. கூடவே, பாகு இறுகிக் கண்ணாடியாவதுபோல மொத்தமும் இறுகி, மூலக்கூறுகளை நகரவிடாமல் பிடித்து வைக்கிறது. இரண்டுக்குமே சர்க்கரை படிகமாகாமல் இருக்க வேண்டும், புரதத்தோடு ஒட்டி இருக்க வேண்டும்.

எவ்வளவு சேர்ப்பது? ட்ராஸ்டுசுமாப் என்ற ஆன்டிபாடி மருந்தை (வணிகப் பெயர் ஹெர்செப்டின்) வைத்துச் செய்த ஆய்வு 2001-இல் வந்தது. ஒரு ஆன்டிபாடி மூலக்கூறுக்கு 360 சர்க்கரை மூலக்கூறு இருந்தால் அறை வெப்பத்திலும் நிலையாக இருக்கிறது என்று அதில் காட்டினார்கள். அந்த விகிதத்தை எடைக்கு மாற்றினால் 1 மில்லிகிராம் ஐஜிஜி-க்குச் சுமார் 0.9 மில்லிகிராம் ட்ரெஹலோஸ் டைஹைட்ரேட் வரும். ஹெர்செப்டினின் 440 மில்லிகிராம் குப்பியில் 400 மில்லிகிராம் ட்ரெஹலோஸ் டைஹைட்ரேட் இருக்கிறது. வகுத்துப் பாருங்கள், அதே கணக்குதான்.

ஆனால் எங்களைப் போல மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவில் வேலை செய்பவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. 1 மில்லிகிராம் புரதமும் 1 மில்லிகிராம் சர்க்கரையும் சேர்ந்தால் கேக்கே நிற்காது, காற்றில் பறக்கும் பஞ்சாகத்தான் இருக்கும். இவர்கள் சொன்னது 5 சதவீத ட்ரெஹலோஸ், அதோடு 0.02 சதவீத பாலிசார்பேட் 20 (சோப்பு போன்ற ஒரு பொருள்). பாலிசார்பேட் பனிப்படிகத்தின் மேற்பரப்பை முதலில் ஆக்கிரமித்துக்கொள்ளும், புரதம் அங்கே போய் ஒட்டாது. நீர்த்த ஆன்டிபாடிக்கு இது மிக முக்கியம். இருப்பதே கொஞ்சம், அதில் மேற்பரப்பில் இழப்பது பெரிய பங்காகிவிடும்.

சுக்ரோஸா ட்ரெஹலோஸா என்பதற்கு அவர்கள் கொடுத்த விளக்கமும் தெளிவாக இருந்தது. உறைந்த நிலையில் இரண்டுக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். கண்ணாடி நிலை மாறும் இடம் சுக்ரோஸுக்கு சுமார் மைனஸ் 32 டிகிரி, ட்ரெஹலோஸுக்கு சுமார் மைனஸ் 30. உலர்ந்த பிறகுதான் பெரிய வித்தியாசம். நன்றாக உலர்ந்த சுக்ரோஸ் 60, 70 டிகிரி அளவில் இளகும், ட்ரெஹலோஸ் 100-ஐத் தாண்டியும் தாங்கும். ஈரம் ஒவ்வொரு சதவீதம் ஏறும்போதும் அந்த எல்லை சுமார் 10 டிகிரி கீழே வரும். கொஞ்சம் ஈரம் உள்ளே போன சுக்ரோஸ் கேக் 40 டிகிரி வெயிலில் பயணம் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் கிட்டுகள் குளிர்பெட்டி இல்லாமல் போக வேண்டும் என்பதால் ட்ரெஹலோஸ் எடுத்தோம். குளிர்பதனப் பெட்டியிலேயே இருக்கப் போகும் பொருள் என்றால் சுக்ரோஸே போதும் என்று அவர்களே சொன்னார்கள். அதிலும் பிஹெச் குறைந்தால் சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் வரும் என்பதை மறக்க வேண்டாம்.

ஒரு குறை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர்களுடைய 'வழக்கமான கலவை' என்று ஒன்று விலைப்புள்ளியோடு வந்தது. அதில் மன்னிட்டால் (ஒரு சர்க்கரை ஆல்கஹால்) நிறைய, ட்ரெஹலோஸ் பெயருக்குக் கொஞ்சம். மன்னிட்டால் படிகமாகி நிமிர்ந்த, உறுதியான கேக் தரும். ஆனால் படிகமானது புரதத்தைக் காக்காது. தனியே பிரிந்து போய்விடும். சரியாகப் படிகமாக்காமல் விட்டால் பிறகு சேமிப்பில் படிகமாகி, அதில் கட்டுண்டிருந்த தண்ணீரை வெளியே விடவும் செய்யும். கேட்டதும் உடனே மாற்றிக் கொடுத்தார்கள், உண்மைதான். ஆனால் கேட்கத் தெரியாத ஒருவருக்கு அந்தக் கலவைதான் போயிருக்கும். இவ்வளவு தெரிந்தவர்கள் அதை முதல் தாளில் வைத்திருக்கக் கூடாது.

இயந்திரத்தில் என்ன செய்தார்கள் என்பது அறிக்கையில் வரைபடத்தோடு வந்தது. குப்பிகள் நிற்கும் தட்டை மைனஸ் 45 வரை இறக்கி, முழுதும் உறையும்வரை நிறுத்தி, பிறகு வெற்றிடம். அறை அழுத்தம் 0.1 மில்லிபார் அளவில், தட்டு மைனஸ் 25. கண்ணாடி எல்லை மைனஸ் 30 என்றால் தட்டு மைனஸ் 25-இல் இருப்பது தவறில்லையா என்று தோன்றும். இல்லை, பனி ஆவியாகும்போது வெப்பத்தை இழுத்துக்கொண்டே போவதால் குப்பிக்குள் இருக்கும் பொருள் தட்டைவிட நன்றாகக் குளிர்ந்திருக்கும். அவர்கள் காட்டிய உணரியில் அது மைனஸ் 35-ஐ ஒட்டியே இருந்தது. அந்த வித்தியாசத்தைப் புரிந்து நடத்துவதில்தான் இயக்குபவரின் கைத்திறன் இருக்கிறது. பொருளின் வெப்பம் 1 டிகிரி கூடினால் முதல் உலர்த்தல் நேரம் ஏறக்குறைய 13 சதவீதம் குறையும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் கணக்கு. அதனால் அவசரப்பட ஆசை வரும். எல்லையைத் தாண்டினால் கேக் குழைந்து சரிந்துவிடும்.

அந்த வரைபடத்தில் நான் விரல் வைத்துப் பார்த்த இடம் ஒன்று உண்டு. அறை அழுத்தத்தை இரண்டு கருவிகளால் அளக்கிறார்கள். ஒன்று கெபாசிட்டன்ஸ் மானோமீட்டர். எந்த வாயு இருந்தாலும் உண்மை அழுத்தத்தைக் காட்டும். மற்றது பிரானி, அது வாயு வெப்பத்தைக் கடத்தும் விதத்தை வைத்து அளப்பதால், நீராவி நிறைந்திருக்கும்போது சுமார் 1.6 மடங்கு கூட்டிக் காட்டும். பனி ஆவியாகிக்கொண்டிருக்கும்வரை இரண்டு கோடுகளும் விலகியே போகும். பனி தீரத் தீர பிரானி கோடு இறங்கி, மானோமீட்டர் கோட்டோடு வந்து சேரும். எங்கள் ஓட்டத்தில் பிரானி ஒரேயடியாக விழாமல் சரிவாக இறங்கியது. ஓரத்துக் குப்பிகள் அறைச் சுவரின் வெப்பத்தால் சீக்கிரம் உலரும், நடுவில் இருப்பவை தாமதிக்கும், அந்தச் சரிவுக்கு அதுதான் பொருள். கோடுகள் சேர்ந்த பிறகும் பல மணி நேரம் காத்திருந்துதான் தட்டைச் சூடேற்றத் தொடங்கியிருந்தார்கள். அதுவும் நிமிடத்துக்கு 0.1 டிகிரி வேகத்தில் 25 டிகிரிக்கு. ஈரம் இன்னும் இருக்கும் கேக்கைச் சட்டென்று சூடாக்கினால் அங்கேயும் குழையும். உணரி வைத்த குப்பியை மட்டும் நம்பி ஓட்டும் இடங்களில் இந்தப் பொறுமை இருக்காது. உணரி இருக்கும் குப்பி மற்றவற்றைவிட முந்தி உறைந்து முந்தி உலரும், அது மொத்தத் தட்டுக்கும் பேசாது.

முடிவில் வறண்ட நைட்ரஜனை விட்டு, அழுத்தம் வெளியைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும்போதே தட்டுகளை இறக்கி, உள்ளேயே ரப்பர் மூடியை அழுத்தி மூடிவிடுகிறார்கள். ஊசி குத்தியதும் காற்று உள்ளே இழுக்கும் சின்னச் சத்தம் கேட்கும். வரும் குப்பிகளில் சிலவற்றை இப்படிச் சோதித்துப் பாருங்கள். சத்தம் இல்லாதது எங்கேயோ கசிந்திருக்கிறது.

சரி, ஆன்டிபாடி பிழைத்ததா?

கேக் பார்வைக்கு அவ்வளவு அழகில்லை. ஓரத்தில் கண்ணாடியை விட்டு விலகிச் சுருங்கியிருந்தது, நடுவில் மெல்லிய விரிசல். சர்க்கரை மட்டும் உள்ள கேக்கில் இது சகஜம். குழைந்து உருகியதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. இதில் மேற்பரப்பு மங்கலாக, நுண்துளைகளோடு இருந்தது, பளபளப்பான பிசின் எங்கும் இல்லை. தண்ணீர் விட்டு, குலுக்காமல் மெதுவாகச் சுழற்றினோம். ஒரு நிமிடத்துக்குள் தெளிவாகக் கரைந்தது. (எல்லா ஆன்டிபாடியும் இப்படிக் கரையாது. செறிவு கூடினால் நேரம் எடுக்கும். ஓமலிசுமாப் என்ற ஆன்டிபாடி மருந்தின் தூளுக்கு 15 முதல் 20 நிமிடம் வரை ஆகும். மெதுவாகக் கரைவதைக் கெட்டதாக நினைத்துக் குலுக்கி நுரைக்க வைப்பவர்கள் நல்ல பொருளையும் கெடுத்துவிடுவார்கள்.)

இவர்கள் அளந்து கொடுத்தவை: எஸ்இசி முறையில் (மூலக்கூறுகளை அளவுவாரியாகப் பிரிக்கும் பத்தியில்) திரள் அளவு, 350 நானோமீட்டரில் கலங்கல், 280-இல் புரத அளவு, கார்ல் ஃபிஷர் முறையில் ஈரம். உலர்த்துவதற்கு முன்பு எடுத்த எஸ்இசி கோட்டையும் பின்பு எடுத்ததையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார்கள். மானோமர் (திரளாத தனி மூலக்கூறு) உச்சிக்கு இடப்பக்கம், திரள் வரும் இடத்தில், இரண்டு கோடும் ஒன்றாகவே ஓடின. புரத அளவும் குறையவில்லை. இது முக்கியம். திரள் பெரிதாகி வடிகட்டியில் சிக்கிக்கொண்டால் எஸ்இசியில் தெரியாது; மொத்த அளவு குறைவதில்தான் அது பிடிபடும்.

செயல்பாட்டை நாங்களே எலைசாவில் பார்த்தோம். இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். வழக்கமான நீர்ப்பில் ஒரே ஒரு அளவில் போட்டுப் பார்த்து "சிக்னல் அப்படியே இருக்கிறது" என்று திருப்திப்படாதீர்கள். ஆன்டிபாடி அதிகமாக இருக்கும் இடத்தில் பாதி செத்திருந்தாலும் சோதனைத் தட்டின் குழி முழுக்க நிறம் வரும். தொடர் நீர்ப்பு போட்டு முழு வளைவை வரைந்து, அது வலப்பக்கமோ இடப்பக்கமோ நகர்ந்திருக்கிறதா என்று பார்த்தால்தான் இழப்பு தெரியும். எங்கள் இரண்டு குளோன்களின் வளைவும் உறையாமல் வைத்திருந்த மாதிரியோடு ஒட்டியே வந்தன. 40 டிகிரி அடுப்பில் மாதக் கணக்கில் வைத்த குப்பிகளிலும் அப்படியே. பக்கத்தில் திரவமாக வைத்திருந்ததில் வளைவு தெளிவாக நகர்ந்திருந்தது. அந்த இரண்டு வளைவுகளையும் ஒரே தாளில் பார்த்தபோது வந்த மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

எச்ஆர்பி கான்ஜுகேட் கொஞ்சம் இழந்தது. பயன்படுத்தும் அளவுக்கு இருக்கிறது, நீர்ப்பை ஒரு படி மாற்றினால் போதும். அதற்கு பிஎஸ்ஏ-வும் சேர்த்து இன்னொரு சோதனை ஓட்டம் போடலாம் என்று அவர்களே யோசனை சொல்லியிருக்கிறார்கள். அதைச் சேர்த்தால் எஸ்இசியில் பிஎஸ்ஏ உச்சி குறுக்கே வந்து படிப்பது கடினமாகும் என்றும் முன்கூட்டியே சொன்னார்கள்.

குறைகளுக்கு வருகிறேன். ஈரம் ஒரு சதவீதத்துக்குக் கீழே என்று அறிக்கையில் ஒரே ஒரு எண்தான் இருந்தது. எந்தக் குப்பிகளில் அளந்தீர்கள் என்று கேட்டால் எல்லாம் தட்டின் ஓரத்திலிருந்து எடுத்தவை. எடுக்கச் சுலபம் என்பதால் இருக்கலாம். ஆனால் ஓரம்தான் சீக்கிரம் உலரும் இடம். நடுவில் தாமதமாக உலர்ந்தவற்றில் என்ன இருக்கிறது என்பதுதானே தெரிய வேண்டும்? திரும்பக் கேட்டு வாங்கினோம். நடுக் குப்பிகளில் ஈரம் கூடுதலாகத்தான் இருந்தது. ட்ரெஹலோஸுக்கு அது ஆபத்தில்லாத அளவு, சுக்ரோஸாக இருந்திருந்தால் யோசித்திருப்பேன். ரப்பர் மூடிகளை நீராவியில் சுத்தம் செய்த பிறகு எவ்வளவு நேரம் உலர்த்துகிறார்கள் என்ற கேள்விக்கும் நேரான பதில் வரவில்லை. மூடியில் தங்கும் ஈரம் மாதங்கள் போகப் போக கேக்குக்குள் இறங்கும். சின்னக் கேக் என்றால் அந்தக் கொஞ்சமே பெரிய அளவு. இதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

அப்புறம், வரைபடங்கள் எல்லாம் படமாக மட்டுமே வருகின்றன. மூல எண்கள் வேண்டும் என்று கேட்டு, நினைவூட்டி, பிறகுதான் கிடைத்தது. நம் பொருளின் தரவு நாம் கேட்காமலே வர வேண்டும். பதில்களும் தாமதம், தொலைபேசியில் அவ்வளவு நன்றாகப் பேசுபவர்கள் மின்னஞ்சலை நாள்கணக்கில் தொடுவதில்லை.

கட்டணம் குறைவில்லை. கலவை தேடும் சோதனை ஓட்டத்துக்குத் தனி, தொகுதிக்குத் தனி. சோதனை ஓட்டத்தைத் தவிர்த்து நேராகத் தொகுதிக்குப் போகவும் விடுவார்கள், ஆனால் தவிர்க்க வேண்டாம். நாலைந்து குப்பி உங்கள் ஆய்வகத்துக்கு மட்டும் வேண்டுமென்றால் இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. சிறு சிறு பங்காகப் பிரித்து மைனஸ் 80-இல் போட்டுவிடுங்கள், ஒருமுறை உருக்கியதைத் திரும்ப உறைய வைக்காதீர்கள், அதுவே போதும். பலருக்கு அனுப்பும் பொருள், குளிர்பெட்டி நம்ப முடியாத வழி, வருடக்கணக்கில் ஒரே தொகுதியை வைத்துப் பயன்படுத்த வேண்டிய கட்டுப்பாட்டு மாதிரி, இவற்றுக்குத்தான் இந்தச் செலவு நியாயம்.

ஒளிரும் புரதமான பைகோஎரித்ரின் ஒட்டிய ஆன்டிபாடி ஒன்றும் எங்களிடம் இருக்கிறது. அது சாதாரணமாக உறைய வைக்கவே கூடாத பொருள். அதையும் கேட்டுப் பார்த்தோம். உறுதி தர மாட்டோம், சில குப்பிகளில் வெவ்வேறு சர்க்கரை அளவு போட்டு ஒளிர்வை அளந்து பார்த்துவிட்டு முடியாது என்றால் முடியாது என்றே சொல்வோம் என்றார்கள். அந்தச் சின்ன ஓட்டத்துக்கு மாதிரி அனுப்பியிருக்கிறோம். இந்த முறை ஈரத்துக்கு ஓரத்திலிருந்தும் நடுவிலிருந்தும் சம அளவில் குப்பி எடுக்க வேண்டும், மூல எண்கள் அறிக்கையோடு சேர்ந்து வர வேண்டும் என்று வேலை உத்தரவிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டோம்.